ஆர்டரில் ஒரு பெயர், ரயிலில் நான்கு பேர்

ட்ரான்ஸ்ஃபர் ஆர்டரில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். ரயில் ஏறுவது என்னவோ நான்கு பேர். அந்த ஒரு பெயருக்கு, போய்ச் சேர்ந்த மறுநாளே நாற்காலி, மேஜை, சம்பளம் எல்லாம் தயார். மற்ற மூவரில் இரண்டு பேருக்குப் பள்ளிக்கூடம் தேட வேண்டும். மிச்சம் இருக்கும் ஒருவர், பெரும்பாலும் வீட்டு அம்மணி, ஊரில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்திருப்பார். அவருக்கு இங்கே என்ன வேலை?

சென்னையிலிருந்து பெங்களூருக்கோ மும்பைக்கோ போகிறவர்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. ஒரு ஆபீஸ் இல்லாவிட்டால் இன்னொன்று. கிராமங்களே நிறைந்த மாநிலத்துக்குப் போகும்போதுதான் இது கழுத்தைப் பிடிக்கும். நான் இருக்கும் சத்தீஸ்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 2.55 கோடி. அதில் நகரத்தில் இருப்பவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான். தமிழ்நாட்டில் அதே கணக்கு 48. மாநிலத்தின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் காடு. மிச்சத்தில் பெரும்பகுதி நெல் வயல். இப்படிப்பட்ட ஊரில் எம்.எஸ்சி., பி.எட். முடித்த ஒருவர் எங்கே போய் வேலை கேட்பது?

நான் பி.காம். படித்த வங்கிக்காரன். சரித்திரம் எனக்குப் பாடமாக வந்தது பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் வீட்டுக் கடன் மனுக்களைப் பார்த்துப் பார்த்து ஒரு விஷயம் புரிந்தது. அந்தப் படிவத்தில் இணை விண்ணப்பதாரரின் வருமானம் என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் நிரம்பியிருக்கும் வெளியூர்க் குடும்பம் இங்கே வீடு வாங்குகிறது. காலியாக இருக்கும் குடும்பம் எப்போது மாற்றல் வரும் என்று காத்திருக்கிறது. இது ஏன் இப்படி, முன்பு வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்ததில் சேர்ந்தவைதான் கீழே இருப்பவை.

ரயில் வந்த காலம்

பெங்கால் நாக்பூர் ரயில்வே கம்பெனி 1887-ல் தொடங்கியது. நாக்பூருக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே காட்டிலும் வயலிலும் தண்டவாளம் போட்டார்கள். ராய்ப்பூர், பிலாஸ்பூர், துர்க் எல்லாம் வெளியுலகத்துக்குப் பக்கத்து ஊர்களானது அதற்குப் பிறகுதான். இதே கம்பெனியின் ரயில் தெற்கே விசாகப்பட்டினம் வரை ஓடியது. 1931-ல் ராய்ப்பூரிலிருந்து விஜயநகரத்துக்கும் நேர்ப்பாதை வந்துவிட்டது. அந்தப் பகுதி அப்போது சென்னை மாகாணம். ஆகவே தெற்கத்தி ஆட்கள், முக்கியமாகத் தெலுங்குக்காரர்கள், இந்த வழியே வேலைக்கு வந்தார்கள். அவர்களோடு தமிழர்களும்.

ரயில்வேயில் ஒரு சௌகரியம் இருந்தது. வேலையோடு க்வார்ட்டர்ஸ் வரும். காலனியில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், இன்ஸ்டிட்யூட் என்று எல்லாமே சுவருக்குள் கிடைக்கும். பையன் பெரியவனானால் அவனும் ரயில்வேயில் சேரப் பார்ப்பான். வீட்டின் இரண்டாவது சம்பளம் அடுத்த தலைமுறையில் வந்தது. மனைவி வேலைக்குப் போவது என்ற பேச்சே அப்போது அநேகமாகக் கிடையாது. பிலாஸ்பூர் இன்றும் ரயில்வே ஊர்தான். 2003-லிருந்து தென்கிழக்கு மத்திய ரயில்வேயின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நாம் அதை மறந்துவிடக்கூடாது. நம் ஆட்கள் வேலை தேடி இங்கே வந்துகொண்டிருந்த அதே காலத்தில், இந்த ஊர்க்காரர்கள் வேலை தேடி வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு போகம் நெல். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. பஞ்சத்துக்குத் தப்பி அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் ஏராளம். சத்தீஸ்கரிலிருந்து மக்களவைக்குப் போன முதல் பெண் உறுப்பினரான மினிமாதா பிறந்ததே அஸ்ஸாமில்தான். அவருடைய குடும்பமும் பிழைக்கப் போன குடும்பம். கோர்பா மாவட்டத்தில் ஹஸ்தேவ் ஆற்றின் மேல் இருக்கும் பெரிய அணைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர் பிழைப்புக்கு வெளியே போன மண்ணில், வெளியூர்க்காரர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பின்னால் வந்த பல சட்டங்களுக்கும் சண்டைகளுக்கும் விதை இதில் இருக்கிறது.

ஒரே காலத்தில் இரண்டு குடியேற்றங்கள்

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கமே குடும்பங்களை இந்தப் பகுதிக்குக் கொண்டுவந்தது. மூன்று வருஷ இடைவெளியில் இரண்டு திட்டங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குடும்பத்துக்கு வேலை என்றால் என்ன என்பது நன்றாக விளங்கும்.

முதலாவது பிலாய் உருக்காலை. 1955 பிப்ரவரி 2 அன்று சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. வருஷத்துக்குப் பத்து லட்சம் டன் உருக்கு என்பது திட்டம். 1959 பிப்ரவரி 4 அன்று முதல் ஊதுலையைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார். இரும்புத் தாது ராஜ்ஹராவில், சுண்ணாம்புக்கல் நந்தினியில், ரயில் பாதை வாசலில். இடத்தைத் தேர்ந்தெடுக்க இவை காரணங்கள். பின்தங்கிய பகுதிக்கு வேலை வரட்டும் என்பதும் ஒரு காரணம்.

உள்ளூர்க்காரர்கள் முதலில் ஆலைக்குள் வரவே தயங்கினார்கள். உலைக்கும் பாலத்துக்கும் நரபலி கொடுக்கிறார்கள் என்று வதந்தி வேறு. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் மானுடவியலாளர் ஜொனாதன் பாரி 1993-லிருந்து பிலாய்க்கு வந்து பல வருஷங்கள் ஆய்வு செய்தவர். அவர் புத்தகம் 2020-ல் வெளிவந்தது. இந்தக் கதையை அவர் விவரமாகவே எழுதியிருக்கிறார். விளைவு, ஆரம்பகால வேலைகளில் பெரும்பகுதி வெளியாட்களுக்குப் போனது. பஞ்சாபி, வங்காளி, பீகாரி, மலையாளி, தெலுங்கர், தமிழர் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு குட்டி இந்தியா. ஃபிட்டர், வெல்டர், டைப்பிஸ்ட், அக்கவுண்ட்ஸ் கிளார்க், இன்ஜினியர் என்று நம்மவர்கள் வந்தார்கள். தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்த ஊர் நம் ஊர். லோயர், ஹையர் பாஸ் செய்த சான்றிதழ் அப்போது பாஸ்போர்ட் மாதிரி.

டெல்லியிலும் நம்மவர் கை இந்தத் துறையில் இருந்தது. ஐம்பதுகளில் உருக்கு அமைச்சகத்தின் செயலராக இருந்தவர் எஸ். பூதலிங்கம் ஐ.சி.எஸ். 1971 முதல் 1973 வரை உருக்கு, சுரங்க அமைச்சர் மோகன் குமாரமங்கலம். பிலாய் போன்ற அரசு ஆலைகளை ஒரு குடைக்குள் கொண்டுவந்த செயில் நிறுவனம் 1973-ல் அமைந்தது அவர் காலத்தில்தான். பூதலிங்கத்தின் மனைவி மதுரம், கணவரின் உத்தியோகத்தோடு டெல்லியில் இருந்தபடியே கிருத்திகா என்ற பெயரில் தமிழ் நாவல்கள் எழுதினார். வாஸவேச்வரம் அவருடையதுதான். உத்தியோகத்தோடு போன பெண் தனக்கென்று ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டதற்கு அதுவும் ஒரு சாட்சி.

பிலாயின் சூட்சுமம் ஆலைக்குள் இல்லை, ஆலைக்கு வெளியே கட்டிய டவுன்ஷிப்பில் இருக்கிறது. செக்டர் செக்டராக வீடுகள், செக்டர் தோறும் பள்ளிக்கூடம், செக்டர் ஒன்பதில் பெரிய ஆஸ்பத்திரி. உருக்கு காய்ச்சப் பெண்களைக் கூப்பிடவில்லை. ஆனால் இத்தனை பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேண்டும், இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேண்டும், லேப் டெக்னீஷியன் வேண்டும். வீட்டில் படித்த பெண் இருந்தால் போய்ச் சேர இடம் இருந்தது. கணவருக்கு ஆலையில் ஒரு டோக்கன் நம்பர், மனைவிக்குப் பள்ளியில் ஒரு வகுப்பு. இப்படிப்பட்ட குடும்பங்கள்தான் ரிட்டையர் ஆன பிறகும் ஊர் திரும்பாமல் பிலாயிலும் துர்க்கிலும் தங்கின.

இரண்டாவது தண்டகாரண்யத் திட்டம். 1958-ல் இதற்கென்று ஒரு ஆணையம் அமைத்தார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களை பஸ்தரிலும் ஒரிஸ்ஸாவின் கோராபுட்டிலும் குடியேற்றுவது நோக்கம். ராய்ப்பூருக்குப் பக்கத்தில் மானா என்ற இடத்தில் முகாம். அங்கிருந்து காட்டுக்குள் கிராமங்கள். நிலம் கொடுத்தார்கள், வீடு கட்டக் கடன் கொடுத்தார்கள், மாடு கொடுத்தார்கள்.

வந்தவர்களோ ஆற்றுப் படுகை விவசாயிகள். தண்ணீர் தேங்கும் வயலில் நெல்லும் சணலும் போட்டுப் பழகியவர்கள், மீன் பிடிக்கத் தெரிந்தவர்கள். கிடைத்தது செம்மண் மேட்டு நிலம். பாசனம் எல்லா இடத்துக்கும் நேரத்தோடு வரவில்லை. ஆணையத்தின் தலைவராக இருந்து வெளியேறிய சைபால் குப்தா 1965-ல் எக்கனாமிக் வீக்லி இதழில் கணக்குப் போட்டே காட்டினார். அந்த நிலத்தின் வருமானத்தில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்பது அவர் வாதம். பக்கத்தில் கூலி வேலைக்கும் வழி குறைவு. 1978-ல் பல்லாயிரக்கணக்கானவர்கள் கிடைத்ததை விட்டுவிட்டு வங்காளத்துக்கே கிளம்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி தீவில் குடியேறியதும், 1979-ல் அங்கிருந்து துரத்தப்பட்டதும் நாட்டுக்கே தெரிந்த சோகம். தண்ணீர் எட்டிய இடங்களில் கதை வேறு. இன்றைக்கு காங்கேர் மாவட்டத்தில் இருக்கும் பக்கன்ஜூர் வட்டாரத்தில் வங்காளிகள் நன்றாகவே வேரூன்றியிருக்கிறார்கள்.

ஒரே மாநிலம், ஒரே காலம், இரண்டுக்கும் அரசாங்கப் பணம். பிலாய்க்கு வந்தவனுக்கு அவன் கற்ற தொழிலே வேலையாகக் கிடைத்தது, பிறகு குடும்பத்தில் அடுத்தவருக்கும் கதவு திறந்தது. தண்டகாரண்யத்தில் குடும்பத்தை முதலில் இறக்கிவிட்டுப் பிழைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் வங்கி பாஷையில் சொன்னால், சொத்து கொடுத்தார்கள், வரும்படி கொடுக்கவில்லை.

நௌகரி, காம்

பிலாயில் சேர்ந்தவர் எல்லோரும் ஒரே படகில் போனார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே வேலைக்கு இரண்டு சொல் உண்டு. நௌகரி என்றால் நிரந்தர வேலை. காம் என்றால் கிடைக்கும்போது செய்வது. ஆலையின் பேரேட்டில் பெயர் இருப்பவருக்கு நௌகரி. அதே ஆலைக்கு ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவருக்குக் காம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தாலும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஜொனாதன் பாரியின் புத்தகம் முழுக்க இந்தக் கோட்டைப் பற்றித்தான்.

ராஜ்ஹரா சுரங்கத்தில் கையால் தாது வெட்டிய ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காக 1977-லிருந்து சங்கம் நடத்திய சங்கர் குஹா நியோகியும் வங்காளத்திலிருந்து பிலாய்க்கு வேலைக்கு வந்தவர்தான். உள்ளூர் மக்களுக்காக நின்ற அந்த வெளியூர்க்காரரை 1991 செப்டம்பர் 28 அன்று பிலாயில் சுட்டுக் கொன்றார்கள். அவர் சங்கத்தார் ராஜ்ஹராவில் தொடங்கிய ஷஹீத் ஆஸ்பத்திரி இன்னமும் நடக்கிறது.

புது ஊரில் வேலை தேடும் நம் பெண்களுக்கும் இந்த இரண்டு சொல் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கிடைப்பது நௌகரியா காமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

மாற்றலாகிறவர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி

ஆலைக்கும் ரயில்வேக்கும் வெளியே இருந்த மத்திய அரசு ஊழியர் என்ன செய்தார்? அப்பா இடம் மாறினால் பிள்ளையின் படிப்பும் பாடத்திட்டமும் மாறிவிடும். இரண்டாவது சம்பளக் கமிஷன் இதைக் கவனித்துப் பரிந்துரை செய்ததன் பேரில், 1963-ல் ராணுவத்தின் ரெஜிமெண்ட் பள்ளிகள் இருபதை எடுத்துக்கொண்டு கேந்திரிய வித்யாலயாவை ஆரம்பித்தார்கள். இன்று நாடு முழுக்க ஆயிரத்து இருநூறுக்கு மேல். நம்மில் பலருக்கு அது பிள்ளைகளைச் சேர்க்கும் இடம் மட்டுமே. மாற்றலோடு போன எத்தனையோ பெண்களுக்கு அதுதான் வேலை கொடுத்த இடமும். நிரந்தர வேலைக்கு அகில இந்தியத் தேர்வு. ஆனால் ஒவ்வொரு கல்வியாண்டுக்கு முன்னாலும் அந்தந்தப் பள்ளியே நேர்காணல் வைத்து ஒப்பந்த ஆசிரியர்களை எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அது காம்தான், நௌகரி இல்லை. ஆனாலும் அந்த அனுபவச் சான்றிதழுக்கு அடுத்த ஊரில் மதிப்பு உண்டு.

1986 கல்விக் கொள்கையின்படி வந்தது நவோதயா வித்யாலயா. தமிழ்நாடு அந்தத் திட்டத்தை ஏற்கவில்லை. அதனால் நம்மில் பலர் அந்தப் பெயரையே இங்கே வந்துதான் முதலில் கேட்கிறோம். மாவட்டத்துக்கு ஒன்று, கிராமப்புறத்தில், விடுதியோடு. அங்கே ஆசிரியருக்குத் தங்குமிடமும் சேர்ந்தே கிடைக்கும்.

வங்கி கிராமத்துக்குப் போன கதை

இனி என் சொந்த ஜாதி, அதாவது வங்கிக்காரர்கள். 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் தேசியமயமாயின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் அடக்கம். அன்று நாட்டில் இருந்த 8,262 கிளைகளில் கிராமக் கிளைகள் 1,833 மட்டுமே. 1977-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது. ஏற்கெனவே வங்கி இருக்கும் ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத ஊர்களில் நான்கு கிளை திறக்க வேண்டும். 1990-ல் அந்த விதி போகும்போது கிராமக் கிளைகள் சுமார் 35,000.

பொருளாதார நிபுணர்கள் இந்த எண்ணிக்கையை வைத்து நிறைய எழுதியிருக்கிறார்கள். கிளைக்குப் போன ஆபீசரின் வீட்டைப் பற்றி யாரும் எழுதிய மாதிரி தெரியவில்லை. ரயில்வேயும் ஆலையும் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தன, கூடவே ஊரையும் கட்டின. வங்கியோ ஒரு ஊருக்கு ஒரு ஆபீசரை அனுப்பியது. பதவி உயர்வுக்குக் கிராமக் கிளை அனுபவம் வேண்டும், ஆகவே போய்த்தான் ஆக வேண்டும். அங்கே டவுன்ஷிப் கிடையாது, காலனி கிடையாது. மனைவிக்கு வேலை கிடைக்கக்கூடிய ஒரே அலுவலகம் கணவர் உட்கார்ந்திருக்கும் அந்தக் கிளைதான். அங்கே அவரைச் சேர்க்க முடியாது. ஆகவே ஆபீசர் கிளைக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில், குடும்பம் மாவட்டத் தலைநகரிலோ மாமியார் வீட்டிலோ. இரண்டு வாடகை, இரண்டு அடுப்பு. 1970களில் தொடங்கிய அந்த ஏற்பாடு இன்று வரை தொடர்கிறது.

கணவன் மனைவி இருவருமே அரசு வேலையில் இருந்தால் ஒரே ஊரில் போடுங்கள் என்று மத்திய அரசு 1986 ஏப்ரலில் வழிகாட்டுதல் கொடுத்தது. 2009 செப்டம்பரில் அதை இன்னும் இறுக்கியது. அரசு வங்கிகளில் வேலை பார்க்கும் பெண்களைக் கணவர் இருக்கும் ஊருக்கோ பெற்றோர் இருக்கும் ஊருக்கோ முடிந்தவரை அருகில் போடச் சொல்லி 2014 ஆகஸ்டில் நிதியமைச்சகம் வங்கிகளுக்கு எழுதியது. மாற்றல் கொள்கை வகுக்கும்போது குடும்ப வாழ்க்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. எல்லாம் நல்லதுதான். ஆனால் இவை ஏற்கெனவே அரசு வேலையில் இருக்கும் தம்பதிக்கு உதவுபவை. ஊரில் தனியார் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் பேசுவதில்லை.

வெளியூர்க்காரருக்கு அரசு வேலை கிடைக்குமா?

பல பேர் கேட்கும் கேள்வி இது. அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு, பிறந்த ஊரையோ வசிக்கும் ஊரையோ காரணம் காட்டி அரசு வேலையை மறுக்கக்கூடாது என்கிறது. வசிப்பிட நிபந்தனை வேண்டுமானால் அதை நாடாளுமன்றம்தான் விதிக்க முடியும். 1957-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்து, மாநிலங்களில் அதுவரை இருந்த வசிப்பிட விதிகளை நீக்கியது. தெலங்கானா, ஹிமாசலம், மணிப்பூர், திரிபுரா ஆகியவற்றுக்கு மட்டும் கொஞ்ச காலம் விலக்கு. அதுவும் 1974-ல் முடிந்தது.

காகிதத்தில் கதவு திறந்தாயிற்று. நடைமுறையில்? அந்தக் காலத்தில் ஆலையும் அலுவலகமும் கீழ்நிலை வேலைகளுக்கு ஆள் எடுத்தது உள்ளூர் வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம். காலியிடங்களை அங்கே தெரிவிக்க வேண்டும் என்பது 1959 சட்டம். அங்கே பதிந்திருந்தால்தான் பெயர் போகும். அதோடு விளம்பரமும் செய்து வெளியே இருந்து வரும் மனுக்களையும் பார்க்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு நிலைமை கொஞ்சம் தளர்ந்தது. இன்றும் மாநில அரசு வேலை விளம்பரங்களைப் பார்த்தால், இடஒதுக்கீடும் வயதுச் சலுகையும் அந்த மாநிலத்தவருக்கு மட்டும் என்று இருக்கும். முதலில் சொன்னேனே, உள்ளூர்க்காரர் வெளியே பிழைக்கப் போன மண் என்று. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

சாதிச் சான்றிதழ் விஷயம் இதைவிட முக்கியம். தமிழ்நாட்டில் வாங்கிய எஸ்.சி., எஸ்.டி. சான்றிதழை வைத்துக்கொண்டு இன்னொரு மாநிலத்தின் மாநில அரசு வேலையில் இடஒதுக்கீடு கேட்க முடியாது. பட்டியல் மாநிலவாரியானது என்பதால் 1990-லேயே உச்ச நீதிமன்றம் இந்தக் கொள்கையைச் சொல்லிவிட்டது. 2018 ஆகஸ்டில் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. ஆனால் ரயில்வே, வங்கி, கேந்திரிய வித்யாலயா போன்ற அகில இந்திய அளவிலான மத்திய வேலைகளில் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். அதனால் அப்பாவின் அசல் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் அவர்களுக்குச் சான்றிதழ் வாங்க அதுதான் ஆதாரம்.

1991-க்குப் பிறகு

1980களின் நடுவில் பிலாய் ஆலையின் பேரேட்டில், சுரங்கங்களையும் சேர்த்து, அறுபதாயிரத்துக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். இப்போது அதில் பாதிகூட இல்லை. உற்பத்தி குறையவில்லை, நௌகரிதான் குறைந்தது. ஆலைப் பள்ளிகளில் பல மூடப்பட்டன. கோர்பாவின் பால்கோ அலுமினிய ஆலை 2001-ல் தனியார் கைக்குப் போனது. 2000 நவம்பர் 1 அன்று சத்தீஸ்கர் தனி மாநிலமானதும் ராய்ப்பூர் தலைநகராகி வளர்ந்தது. 2012-ல் அங்கே எய்ம்ஸ் வந்தது. தனியார் பள்ளி, தனியார் ஆஸ்பத்திரி, ஷோரூம் எல்லாம் பெருகின. ஆக, வேலை இருக்கிறது. க்வார்ட்டர்ஸோடு சேர்ந்து வந்த காலம்தான் போய்விட்டது.

இதற்கு நடுவே யாருடைய ஆர்டரும் இல்லாமல் இந்தக் கிராமங்களுக்குள் போன தமிழர்களும் உண்டு. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு வண்டிகளைத்தான் சொல்கிறேன். நாமக்கல் மாவட்டத்துப் பதிவு எண்ணோடு ரிக் லாரி வயல் ஓரத்தில் நிற்பதைப் பார்த்தால் மனசுக்கு ஒரு சந்தோஷம். வங்கிக் கிளை எட்டாத ஊருக்கும் அவர்கள் போய் விடுகிறார்கள். ஆனால் அவர்கள் யாரும் குடும்பத்தோடு வருவதில்லை. வீடு திருச்செங்கோட்டில், வண்டி இங்கே. சம்பாத்தியம் இங்கே இருந்தும் வேர் இங்கே இல்லை. காரணம் கேட்க வேண்டியதே இல்லை, வீட்டில் மற்றவர்களுக்கு இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது வருகிறவர்கள் எங்கே தட்டலாம்?

மேலே சொன்ன கதையிலிருந்து சில விஷயங்கள் தானாகவே வருகின்றன.

முதலில் மொழி. பிலாயில் அந்தக் காலத்தில் ஆங்கிலத்தையும் சைகையையும் வைத்து ஓட்டியிருக்கலாம். இன்று வங்கி கிளார்க் வேலைக்கு உள்ளூர் மொழித் தேர்வு உண்டு, கேந்திரிய வித்யாலயாவிலும் ஹிந்தி, ஆங்கிலம் இரண்டிலும் பாடம் நடத்தத் தெரிந்திருக்க வேண்டும். மாற்றல் வரும் என்று தெரிந்த அன்றே ஹிந்தி எழுதப் படிக்க ஆரம்பித்துவிட வேண்டும். சீரியல் பார்த்து வரும் ஹிந்தி கடைத்தெருவுக்குப் போதும், கரும்பலகைக்குப் போதாது.

இரண்டாவது, மாநில எல்லையைத் தாண்டும் தகுதிகள். ஆசிரியர்களுக்கு மத்திய தகுதித் தேர்வான சி-டெட் நாடு முழுக்க மதிக்கப்படுவது. மொழித் தாளில் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம். 2021-லிருந்து அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். பி.எட். வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடக்கப்பள்ளி வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஆறாம் வகுப்புக்கு மேல்தான் முயற்சி செய்ய வேண்டும். நர்ஸ்களுக்கு வேலை நிச்சயம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டு கவுன்சில் பதிவை இந்த மாநிலத்துக்கு மாற்ற வேண்டும், அதற்குத் தடையில்லாச் சான்றிதழ் வேண்டும். அதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, வசிக்கும் இடம். கிளை எந்தக் கிராமத்தில் இருந்தாலும் குடும்பத்துக்கு வீடு பார்ப்பது மத்திய அரசுப் பள்ளியும் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கும் ஊரில் இருக்கட்டும். ரயில்வே ஊர், ஆலை ஊர், சுரங்க ஊர் என்றால் இன்னும் நல்லது. பழைய குடும்பங்கள் இருக்கும், ஒரு கோயில் இருக்கும், யாருக்காவது எங்காவது காலியிடம் இருப்பது தெரிந்திருக்கும்.

நான்காவது, சொந்தத் தொழில். இட்லி மாவிலிருந்து டியூஷன் வரை நம்மவர்கள் செய்யாதது இல்லை. முத்ரா கடன் 2015-ல் வந்தது. முதல் நிலையில் ஐம்பதாயிரம் ரூபாய் வரை, அதிகபட்சம் பத்து லட்சம். முந்தைய கடனை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு 2024-லிருந்து இருபது லட்சம் வரை உண்டு. இதற்கு இந்த மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கிளை மேலாளர் பார்ப்பது தொழில் நடக்கும் முகவரியும், நீங்கள் அங்கே நிலைத்து இருப்பீர்களா என்பதும்தான். மாற்றலாகும் உத்தியோகஸ்தரின் மனைவி என்றால் இந்த இரண்டாவது கேள்வி கட்டாயம் வரும். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.

என் மனைவி கணக்கு டீச்சர். இங்கே வந்து ஹிந்தியில் பின்னத்தையும் சதவீதத்தையும் சொல்லித்தரப் பழகவே அவருக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. இப்போது வகுப்பு எடுக்கிறார். எங்கள் வீட்டில் ட்ரான்ஸ்ஃபர் பேச்சு குறைந்தது அதற்குப் பிறகுதான்.

கம்பெனி ரயில் காலத்திலிருந்து இன்று வரை இந்த மாநிலம் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்கிறது. ஒரு சம்பளத்தை நம்பி வந்தவர்கள் அந்தச் சம்பளம் முடிந்ததும் பெட்டியைக் கட்டினார்கள். அடுத்தவருக்கும் வேலை கிடைத்த வீடுகளில்தான் பேரப்பிள்ளைகள் சத்தீஸ்கரி பேசுகிறார்கள். ஆகவே ஆர்டர் வந்த அன்று ராத்திரி, ரயில் டிக்கெட் பார்ப்பதற்கு முன்னால், வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ஒரு கேள்வியைப் பேசுங்கள். ஆர்டரில் பெயர் இல்லாதவர் அங்கே போய் என்ன செய்யப்போகிறார்? மூட்டை கட்டும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.